எழுதிக் கொடுத்தவரும் எடுத்துக் கொடுத்தவரும்: தாதியரும் மருத்துவச்சியரும் மருந்தெழுதும் உரிமை பெற்ற வரலாறு



மொழியியல் பயின்றவர் மருத்துவத்தைப் பற்றிப் பேச எழுவது பொருந்துமா என்னும் ஐயம் உங்களுள் சிலருக்குத் தோன்றலாம். மருந்தின் குணம் கூற நாம் வரவில்லை. மருந்தைச் சுற்றி வழங்கும் சில சொற்களின் வரலாற்றைக் கூறவே வந்துள்ளோம். அச்சொற்களுக்குப் பின்னால் மனித உயிர்களின் வரலாறு நிற்பதால், ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய இந்த அவையில் அதனைப் பேசுவது தகும் எனக் கருதுகிறோம்.

இரண்டு எளிய தொடர்களிலிருந்து தொடங்குவோம். 'மருத்துவர் மருந்து எழுதிக் கொடுத்தார்' என்பது ஒன்று. 'தாதி மருந்து எடுத்துக் கொடுத்தார்' என்பது மற்றொன்று. இரண்டும் 'கொடுத்தார்' என்றே முடிகின்றன. வேறுபடுவது அதற்கு முன் நிற்கும் வினையெச்சம் மட்டுமே. 'எடுத்து' என்பதற்குக் கை போதும். 'எழுதி' என்பதற்கோ கல்வியும், பெயரும், கையொப்பமும், அவற்றை ஏற்கும் சட்டமும் வேண்டும். இப்போது எச்சத்தை இடம் மாற்றி, 'தாதி மருந்து எழுதிக் கொடுத்தார்' என்று சொல்லிப் பாருங்கள். இலக்கணத்தில் பிழை ஏதும் இல்லை. ஆயினும் செவி சற்றே தயங்குகிறது. அண்மைக்காலம் வரை பல நாடுகளின் சட்டமும் அவ்வாறே தயங்கியது.

அந்தத் தொடர் எவ்வாறு உண்மையாயிற்று என்பதே இவ்வுரையின் பொருள். எம் முடிபை முதலிலேயே கூறிவிடுகிறோம். எந்த மருந்து, எப்போது, எவ்வளவு என்று முடிவு செய்யும் வேலையைத் தாதியரும் மருத்துவச்சியரும் நெடுங்காலமாகச் செய்தே வந்தனர். முடிவு அவர்களிடம் இருந்தது. எழுதுகோல் வேறொருவரிடம் இருந்தது. அந்த இடைவெளியின் விலையைக் கொடுத்தவர் நோயாளியே.

பெயர்கள் கூறும் செய்தி

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' நால்வகைக் கூறுகளைத் தொகுத்துரைத்து முடிகிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றோடு நான்காவதாக 'உழைச்செல்வான்' அங்கு இடம்பெறுகிறார். 'உழை' என்றால் பக்கம். பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையின்றி இயற்றித் தருபவர் என்று உரை மரபு இச்சொல்லை விளக்கும். நோய் தீர்ப்பவருக்குத் தனியிடம் தந்த அதே மூச்சில் பக்கத்திலிருப்பவருக்கும் தனியிடம் தந்திருப்பதை நாம் கருத வேண்டும். அவர் மருத்துவருக்குள் அடங்கிய உறுப்பாகக் கூறப்படவில்லை.

அடுத்து 'செவிலி' என்னும் சொல். சங்க அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய். அவள் மகளே தோழி. தமிழ்நாட்டில் 'செவிலியர்' என்பது இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் 'தாதி' என்னும் சொல்லே பெருவழக்கு. பால் கொடுத்து வளர்ப்பவள் என்னும் பொருளுடைய 'தாத்ரீ' என்னும் வடசொல்லிலிருந்து வந்தது அது. பணிப்பெண்ணைக் குறிக்கும் 'தாசீ' என்னும் சொல்லும் தமிழில் 'தாதி' எனவே திரிந்தது. ஆகவே வளர்ப்புத் தாயும் ஏவற்பெண்ணும் ஒரே ஒலிவடிவத்தில் கலந்துவிட்டனர். தாதியரின் தொழில் மதிப்பு பற்றிய நெடுநாள் குழப்பத்திற்கு இச்சொல்லே நல்ல உருவகம்.

இவை எல்லாவற்றிலும் வியப்பிற்குரியது 'மருத்துவச்சி' என்னும் சொல். 'வேட்டுவன்' என்பதற்கு 'வேட்டுவச்சி' பெண்பாலாவது போல 'மருத்துவன்' என்பதற்கு 'மருத்துவச்சி' பெண்பால். சொல்லமைப்பின்படி அதன் பொருள் மருத்துவம் செய்யும் பெண் என்பதே. வழக்கிலோ அது பிள்ளைப்பேறு பார்ப்பவரைக் குறித்தது. ஆங்கிலத்தில் அதே பணியாளரைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்னும் சொல்லுக்குப் 'பெண்ணோடு உடனிருப்பவர்' என்பதே பழம்பொருள். ஆங்கிலம் உடனிருத்தலைப் பெயராக்கியது. தமிழ் மருத்துவத்தைப் பெயராக்கியது. தமிழ்ச் சிற்றூர்களில் இப்பணியைச் செய்தவர்களுள் பலர், முடிதிருத்தும் தொழிலைச் செய்த குடும்பத்துப் பெண்களே. அக்குடும்பங்களுக்கு 'மருத்துவர்' என்னும் பெயர் வழங்கியதும் உண்டு. சமூகம் அவர்களைத் தாழ்வாக நடத்தியது. அவர்கள் அறிவை மட்டும் மருத்துவம் என்றே அழைத்தது.

எர்காட்: ஒரு மருந்தின் இரு முகங்கள்

மருத்துவச்சியின் அறிவு எத்தகையது என்பதற்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். ரை என்னும் கூலத்தின் கதிரில் வளரும் கரும்பூஞ்சணம் 'எர்காட்' எனப்படும். அது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலுடையது. பேற்றுவலியைத் தூண்டப் பெண்கள் அதனைக் கொடுத்து வந்தனர் என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஆடம் லோனிட்சர் 1582இல் தம் மூலிகை நூலில் பதிவு செய்தார். 1808இல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டெர்ன்ஸ் அம்மருந்தைப் பற்றி ஒரு மடல் எழுதி வெளியிட, மருத்துவ உலகம் அதனை ஏற்றுக்கொண்டது. ஸ்டெர்ன்ஸ் அதனை அறிந்துகொண்டது ஒரு மருத்துவச்சியிடமிருந்து. மருந்து மருத்துவச்சியுடையது; மடல் மருத்துவருடையது. எழுதியவர் பெயர் நின்றது. எடுத்துக் கொடுத்தவர் பெயர் மறைந்தது.

ஆயினும் கதையின் மறுபாதியை மறைப்பது நேர்மையாகாது. எர்காட்டின் ஆற்றலை அளவிட அக்காலத்தில் வழியில்லை. குழந்தை பிறக்கும் முன் மிகையாகக் கொடுத்தால் கருப்பை கிழியும். குழந்தை மூச்சின்றி இறக்கும். 1824இல் நியூயார்க் மருத்துவர் டேவிட் ஹோசக், பேற்றுத் தூள் எனப் புகழப்பட்ட அதனைச் சாவுத் தூள் என்றே அழைக்கலாம் என எச்சரித்தார். பேற்றிற்குப் பின் பெருகும் குருதியை நிறுத்த மட்டுமே அதனைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தினார். மருந்தெழுதும் உரிமைக்கு எல்லை வேண்டும் என்னும் எண்ணம் பொறாமையில் மட்டும் பிறந்ததன்று. இத்தகைய சாவுகளிலும் அது பிறந்தது.

1935இல் லண்டனில் மருத்துவர் சாஸர் மோயரும் வேதியியலாளர் ஹெரால்டு டட்லியும் எர்காட்டிலிருந்து 'எர்கோமெட்ரின்' என்னும் தூய பொருளைப் பிரித்தெடுத்தனர். அளவு அறிந்து கொடுக்கத்தக்க மருந்து கிடைத்தது. அதனோடு புதியதொரு கேள்வியும் எழுந்தது. குழந்தை பிறந்தபின் தாய்க்குக் குருதி பெருகத் தொடங்கினால், மருத்துவரைத் தேடி ஆளனுப்ப நேரம் இராது. அந்த வேளையில் அருகிலிருப்பவர் மருத்துவச்சி ஒருவரே. மருந்து அவர் பையில் இருக்க வேண்டுமா, மருத்துவரின் பையில் இருக்க வேண்டுமா?

மூன்று வினைச்சொற்கள்

இங்கிலாந்தில் 1902இல் மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. 1905 முதல் சான்றிதழ் இன்றி அப்பெயரைப் பயன்படுத்தலாகாது. 1910 முதல் சான்றிதழ் இன்றி அதனைப் பிழைப்புத் தொழிலாகக் கொள்ளலாகாது என்று அச்சட்டம் விதித்தது. பயிற்சியும் பதிவும் வந்தன. கூடவே வேலியும் வந்தது. இயல்பான பேறு மருத்துவச்சியின் எல்லைக்குள். சிக்கல் நேர்ந்தால் மருத்துவரை அழைத்தாக வேண்டும். அழைக்கப்படும் மருத்துவருக்குக் கட்டணம் யார் கொடுப்பது என்பது முதலில் தெளிவாக்கப்படவில்லை. உள்ளாட்சி அமைப்பே கொடுக்க வேண்டும் என 1918ஆம் ஆண்டுச் சட்டமே தீர்த்து வைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழைக் குடும்பம் மருத்துவரை அழைக்க எத்துணை தயங்கியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் வேலி சிறிது சிறிதாகத் தளர்ந்தது. வலி தணிக்கும் வாயுவைத் தாயே முகர்ந்துகொள்ள உதவும் மின்னிட் கருவியை மருத்துவச்சியர் பயன்படுத்த 1936இல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பெத்திடின் என்னும் வலிநிவாரணியைத் தம் பொறுப்பிலேயே செலுத்தும் இசைவு வந்தது. 1968ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் மருந்துச்சீட்டு எழுதும் உரிமையை மருத்துவருக்கும் பல் மருத்துவருக்கும் கால்நடை மருத்துவருக்கும் ஒதுக்கியது. மருத்துவச்சியருக்கு எழுதும் உரிமையை அது தரவில்லை. பேறுகாலப் பணிக்குத் தேவையான சில மருந்துகளைச் சீட்டின்றியே வழங்கவும் செலுத்தவும் விதிவிலக்கு மட்டும் அளிக்கப்பட்டது.

சட்டம் இங்கு மூன்று வினைகளைப் பிரித்துக் கையாள்வதைக் காண்க. எழுதுதல் ஒன்று, வழங்குதல் மற்றொன்று, செலுத்துதல் வேறொன்று. மருத்துவச்சி எர்கோமெட்ரினைச் செலுத்தலாம். செலுத்த வேண்டுமா என்று முடிவு செய்பவரும் அவரே. ஆனால் எழுதுபவர் என்னும் பெயர் அவருக்கு இல்லை. சட்டம் தன் மொழியைக் காத்துக்கொண்டது. நடைமுறை தன் வழியில் சென்றது. இந்த ஏற்பாடு பல தாய்மாரின் உயிரைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. முடிவெடுப்பதை ஒருவரிடம் விட்டுவிட்டு அதற்குரிய பெயரை மட்டும் மறுக்க முடியும் என்பதை அது காட்டுகிறது என்றே கூறுகிறோம்.

காத்திருந்த கையொப்பம்

மருத்துவச்சிக்கு விதிவிலக்கேனும் இருந்தது. வீடு வீடாகச் சென்று நோயாளரைக் கவனித்த சமூகத் தாதிக்கு அதுவும் இல்லை. பிரிட்டனில் 1980களில் அவர் நிலை இவ்வாறிருந்தது. முதியவர் ஒருவரின் காலில் ஆறாத புண். வாரந்தோறும் அதனைப் பார்ப்பவர் தாதி. எந்தக் கட்டு ஏற்றது, எதனை மாற்ற வேண்டும் என்பதை நன்கறிந்தவரும் அவரே. ஆனால் அந்தக் கட்டுத்துணியை அரசுச் செலவில் பெறச் சீட்டு வேண்டும். தாதி மருத்துவரின் மருந்தகத்திற்குச் சென்று, இன்ன பொருள் வேண்டும் என்று கூறி, கையொப்பத்திற்குக் காத்திருப்பார். மருத்துவர் புண்ணைப் பாராமலே ஒப்பமிடுவார். தாதியின் நேரமும், மருத்துவரின் நேரமும், நோயாளியின் ஓரிரு நாளும் அதில் கழியும்.

1986இல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் வெளிவந்த அறிக்கை இந்நிலையைச் சுட்டி, வரையறுத்த பட்டியலிலிருந்து சமூகத் தாதியர் எழுத இசைவு தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1989இல் மருத்துவர் ஜூன் கிரவுன் தலைமையிலான குழு அதனை ஆராய்ந்து உடன்பட்டது. நேரம் மிச்சமாகும் என்பதோடு, யார் எதற்குப் பொறுப்பு என்பது தெளிவாகும் என்பதையும் அக்குழு நன்மையாகக் கண்டது. இந்த இரண்டாவது காரணமே ஆழமானது. பாராத புண்ணுக்கு ஒப்பமிட்ட மருத்துவர், தாம் எடுக்காத முடிவுக்குப் பொறுப்பாளி ஆனார். முடிவெடுத்த தாதியோ ஏட்டளவில் பொறுப்பில்லாதவர் ஆனார். தவறு நேர்ந்தால் உண்மையைத் தேடுவது எங்ஙனம்?

1992இல் நாடாளுமன்ற உறுப்பினர் ரோஜர் சிம்ஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாயிற்று. ஆயினும் நடைமுறைச் சோதனை 1994 அக்டோபரில்தான் எட்டு இடங்களில் தொடங்கியது. அப்போது அளிக்கப்பட்ட பட்டியல் மிகச் சிறியது: கட்டுத்துணிகள், மலமிளக்கிகள், தோல் களிம்புகள், பாரசிட்டமால், பேன் மருந்து, சிறுநீர்க்குழாய்ப் பொருள்கள் போன்றவை. நகைப்பிற்கிடமான பட்டியல் என்று சிலர் கருதினர். படுக்கையிலிருக்கும் முதியவருக்கு மலமிளக்கி ஒருநாள் முன்னதாகக் கிடைப்பது நகைப்பிற்குரியதன்று என்பதைப் பராமரிப்பாளர் அறிவர்.

1999இல் கிரவுனின் இரண்டாம் அறிக்கை உரிமையை விரிவாக்கப் பரிந்துரைத்தது. 2002இல் பட்டியல் நீண்டது. 2003இல் மருத்துவர் வகுத்த தனித் திட்டத்திற்குள் தாதியர் எழுதும் முறை வந்தது. 2006 மே மாதம் முதல், தகுதி பெற்ற தாதியர் தம் திறனுக்குட்பட்ட நோய்களுக்கு ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் தாமே எழுதலாம் என்றாயிற்று. எழுதும் தகுதிப் பயிற்சியை முடித்துப் பதிவுசெய்த மருத்துவச்சியருக்கும் அவ்வாய்ப்பு உண்டு. கட்டுப்பாட்டிற்குரிய மருந்துகளுள் பெரும்பாலானவை 2012இல் சேர்ந்தன. முதல் பரிந்துரையிலிருந்து முழு உரிமை வரை கழிந்தவை 20 ஆண்டுகள்.

எதிர்த்தோர் கூறியவை

எதிர்ப்புகளை எளிதாகத் தள்ளிவிடலாகாது. மருந்தெழுதுதல் என்பது நோயறிதலின் கடைசிப் படி. நோயறியும் நெடும்பயிற்சி இல்லாதவர் அப்படியில் மட்டும் ஏறினால் ஆபத்து என்றனர் மருத்துவர். தாதியருள்ளும் சிலர் தயங்கினர். மருத்துவரைவிடக் குறைந்த ஊதியத்தில் மருத்துவரின் வேலையைச் செய்விக்க அரசு கையாளும் வழியோ இது என்று அவர்கள் ஐயுற்றனர். நோயாளியின் அருகிருந்து கேட்கும் பண்பு, சீட்டெழுதும் அவசரத்தில் தேய்ந்துவிடுமோ என்றும் அஞ்சினர்.

இக்கேள்விகளுக்கு விடை சொல்லால் மட்டும் தரப்படவில்லை, கட்டமைப்பால் தரப்பட்டது. பதிவுபெற்ற தாதியாயிருப்பது மட்டும் போதாது. 2006இல் வகுக்கப்பட்ட நெறிப்படி குறைந்தது 26 நாள் பாடமும், 12 நாள் மேற்பார்வைப் பயிற்சியும், தேர்வும் வேண்டியிருந்தன. அதன்பின் பதிவேட்டில் தனிக்குறிப்பு இடப்படும். தமக்குத் தெரியாத துறையில் எழுதலாகாது. எழுதியவர் தம் சீட்டுக்குத் தாமே பொறுப்பாவார். இயன்றவரை எழுதுபவர் ஒருவராகவும் மருந்தை எடுத்து வழங்குபவர் மற்றொருவராகவும் இருக்க வேண்டும் என்னும் பழைய காப்பும் போற்றப்பட்டது. ஹோசக் 1824இல் எழுப்பிய அச்சத்திற்கு இவையே மறுமொழி. கைகளைக் கட்டுவதற்கு மாறாக, அறிவை அளந்து பொறுப்பை எழுத்தில் வைக்கும் வழி இது.

நம் மண்ணில்

பிரிட்டனின் சட்டமும் மருத்துவப் பயிற்சியும் மலாயாவிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி வந்தவை. ஆதலால் அதே இடைவெளி இங்கும் இருந்தது. மலாயாத் தோட்டப்புறத்தில் அதனை நாம் கண்ணால் கண்டுள்ளோம்.

நாம் சிறு பிள்ளையாயிருந்த தோட்டத்தில் மருத்துவர் அவ்வப்போது வந்து செல்பவர். நாள்தோறும் இருந்தவர் 'டிரெசர்'. புண்ணுக்குக் கட்டுப்போடுபவர் என்பதே அப்பெயரின் பொருள். ஆனால் காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, பட்டணத்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய நோயா என்று முடிவு செய்தவர் அவரே. வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற கண்ணாடிப் புட்டியில் மருந்துநீர் ஊற்றித் தருவார். புட்டியின் பக்கத்தில் ஒரு தாள் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். ஒரு வேளைக்கு ஒரு பல் என்று அதன் ஓரம் பற்கள்போல் வெட்டப்பட்டிருக்கும். எழுத்தறியாத எம் பாட்டியார் அந்தப் பற்களைப் பிழையின்றிப் 'படிப்பார்'. மருந்துச்சீட்டு எழுதும் உரிமை இல்லாதவர், எழுத்தறியாதவருக்காகக் கத்தரிக்கோலால் எழுதிய சீட்டு அது. எழுத்தின் வரலாற்றைக் கற்பிக்கும்போதெல்லாம் எமக்கு நினைவில் வரும் முதல் ஆவணம் அதுவே.

அந்தப் பணியாளரின் பெயர் மாறிய வரிசையும் கருதத்தக்கது. 'டிரெசர்' என்றிருந்தவர் 'மருத்துவமனை உதவியாளர்' ஆனார். தோட்ட மருத்துவமனை உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல் வந்தது. அரசு மருத்துவமனைகளில் பணியாற்றியோர் 'மருத்துவ உதவியாளர்' எனப்பட்டு, இன்று மலேசியாவில் 'உதவி மருத்துவ அதிகாரி' என வழங்கப்படுகின்றனர். கட்டுப்போடுதலில் தொடங்கிய பெயர் மருத்துவத்தை வந்தடைய ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று.

மலாய்க் கிராமங்களில் இதே இடத்தில் நின்றவர் 'பிடான்'. கற்றறிந்தவர் என்னும் பொருளுடைய வடசொல்லோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவோரும் உளர். 1950களில் கட்டியெழுப்பப்பட்ட நாட்டுப்புறச் சுகாதார அமைப்பில், ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி நிலையம் என்பதே அடித்தட்டு. 1970களில் அங்கிருந்த மருத்துவச்சியருக்கு மேலும் பயிற்சியளித்துக் கிராமத் தாதியராக்கினர். மருத்துவர் எட்டாத இடத்தில் தாயையும் சேயையும் காத்த ஏற்பாடு இது.

சிங்கப்பூரில் முறையான தாதிப்பணி 1885 ஆகஸ்டு 1ஆம் நாள் பிரெஞ்சுக் கன்னியாத்திரிகளைக் கொண்டு பொது மருத்துவமனையில் தொடங்கியது. ஆகஸ்டு முதல் நாள் இன்றும் தாதியர் தினமாகப் போற்றப்படுகிறது. 1924இல் 30 படுக்கைகளோடு மகப்பேற்று மருத்துவமனையான கண்டாங் கெர்பாவ், 1966இல் ஓராண்டில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்த இடமாயிற்று. அத்துணைப் பேறுகளை மருத்துவர்கள் மட்டும் நின்று பார்த்திருக்க இயலாது என்பதை உணரக் கணக்கறிவு போதும். இயல்பான பேறுகளைத் தாங்கியவர் மருத்துவச்சியரே.

இந்நூற்றாண்டில் சிங்கப்பூர் எழுதுகோலை மெல்ல நீட்டியது. 2003இல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் தாதிமையில் முதுநிலைப் படிப்பு தொடங்கிற்று. பின்னர் உயர்பயிற்சி பெற்ற தாதியருக்குத் தனிப்பதிவு வந்தது. 2018இல் தேசிய அளவிலான கூட்டு மருந்தெழுதும் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. தகுதி பெற்ற உயர்நிலைத் தாதியரும் மருந்தாளரும், மருத்துவரோடு செய்துகொண்ட ஒப்பந்த எல்லைக்குள், ஒவ்வொரு சீட்டுக்கும் மருத்துவரின் துணைக் கையொப்பம் இன்றியே எழுதலாம் என்றாயிற்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நெடுநாள் நோய்களுக்காக மாதந்தோறும் மருந்தகம் செல்லும் முதியவருக்கு இதன் பயன் விளங்கும்.

நமக்குரிய வேலை

சட்டம் தன் பங்கைச் செய்தது. மொழி தன் பங்கைச் செய்ததா? இதுவே இந்த அவையிடம் நாம் வைக்கும் கேள்வி.

தமிழ் மட்டுமே அறிந்த முதியவர் ஒருவர் பலதுறை மருந்தகத்தில் அமர்ந்திருக்கிறார் எனக் கொள்வோம். அவரைச் சோதித்து, மாத்திரையின் அளவை மாற்றி எழுதுபவர் ஒரு தாதி. உடன் வந்த பேரப்பிள்ளை, 'தாதி மருந்து கொடுப்பாங்க, தாத்தா' என்று மொழிபெயர்த்தால் என்ன நேரும்? முடிவெடுக்கும் மருத்துவர் வேறெங்கோ இருக்கிறார் என்று அவர் எண்ணுவார். தலைசுற்றல் இருப்பதையும், நாட்டு மருந்து உண்பதையும், ஒரு வேளை மாத்திரையை விட்டுவிட்டதையும் அந்த 'டாக்டரிடம்' சொல்வதற்காக அடக்கி வைப்பார். அந்த டாக்டர் அன்று வரமாட்டார். சொல்லப்படாத தலைசுற்றல் அளவு கூட்டப்பட்ட மாத்திரையோடு வீடு செல்லும். ஒரு வினையெச்சம் தவறியதால் நேரும் கேடு இது. 'இவங்களே பார்த்து மருந்து எழுதிக் கொடுப்பாங்க, தாத்தா. எல்லாத்தையும் இவங்ககிட்டயே சொல்லுங்க' என்பதே சரியான மொழிபெயர்ப்பு.

ஆகவே ஆசிரியர்களிடம் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, எழுதுதல், வழங்குதல், செலுத்துதல் என்னும் மூன்று வினைகளின் வேறுபாட்டை மாணவருக்குச் சொற்பயிற்சியில் கற்பியுங்கள். மருத்துவமனையில் உறவினருக்கு மொழிபெயர்க்கும் பொறுப்பு என்றேனும் அவர்கள்மேல் விழும். இரண்டாவது, 'மருந்தெழுதும் தாதி' என்னும் எளிய தொடரை வழக்கில் கொண்டுவாருங்கள். அருஞ்சொல் ஆக்க வேண்டிய தேவை இல்லை. முதியவர் செவிக்கு உடனே புரிவதே போதும். மூன்றாவது, மருத்துவச்சியரிடம் பிள்ளைப்பேறு கண்ட மூத்த பெண்மணிகள் இன்னும் நம் வீடுகளில் உள்ளனர். அவர்கள் அறிந்த சொற்களையும், மருந்துப் பெயர்களையும், மருத்துவச்சியரின் பெயர்களையும் மாணவரைக் கொண்டு பதிவு செய்யுங்கள். ஸ்டெர்ன்ஸுக்கு எர்காட்டைக் கற்பித்த பெண்ணின் பெயர் உலகிற்குக் கிடைக்கவில்லை. நம் தோட்டத்து மருத்துவச்சியருக்கும் அதுவே நேர நாம் இடந்தரலாகாது.

எம்மைப் பற்றி எம் தாயார், 'மருத்துவச்சியம்மா கையில் பிறந்த பிள்ளை' என்று சொல்வது வழக்கம். அந்த அம்மையார் எதனையும் எழுதியவர் அல்லர்; எழுத அவரை விட்டவரும் இல்லர். இன்று அவர் பேத்தி வயதுடைய ஒருவர் இவ்வூர் மருந்தகம் ஒன்றில் சீட்டெழுதித் தம் பெயரைக் கீழே ஒப்பமிடக் கூடும். தொடக்கத்தில் செவி தயங்கிய அத்தொடரை இப்போது மீண்டும் சொல்லிப் பாருங்கள்: தாதி மருந்து எழுதிக் கொடுத்தார். 'மருத்துவச்சி' என்று பெயரிட்ட மொழிக்கு இத்தொடர் அயலானதன்று.